இரைச்சல் என்று நான் வெட்டிய கவிதை

ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு கலாசார மண்டபத்தில் சவுண்ட் ஆளாகச் சேர்ந்தபோது என் தகுதி, எங்கள் தமிழ் ஆட்களின் கலியாணங்களுக்கு எக்கோ போட்ட அனுபவம்தான். மிக்சருக்கு முன்னால் என் கை சும்மா இருக்காது. ஏதாவது ஒரு குமிழைத் திருகிக்கொண்டே இருக்கும். தகுதிகாண் காலம் முடிகிற கிழமை அது. போலந்துக் கவிதை நிகழ்ச்சியில் பிழை வந்தால் நிரந்தர வேலை இல்லை என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

ஒத்திகையில் கவிஞர் பெயாத்தா மைக்கைப் பிடித்து, "ஷ்ஷ்... ச்ச்ர்... ஸ்ஸ்..." என்றார். "மைக் வேலை செய்யுது, நீங்கள் தொடங்கலாம்," என்றேன். அதுதான் முதல் வரியாம்.

நான் விடவில்லை. 'ஸ்' ஒலியைத் தணிக்கும் டி-எஸ்ஸரை முழுதாகத் திருகினேன். மூச்சுச் சத்தம் வராமல் நொய்ஸ் கேட்டைப் பூட்டினேன். மேலே கொஞ்சம் எக்கோ. பெயாத்தாவின் வாய் அசைந்தது. ஸ்பீக்கரில் இடைக்கிடை ஒரு 'ஆ' மட்டும் கிணற்றுக்குள் விழுந்தது போலக் கேட்டது.

லைட் போடும் ரமணன் குனிந்து, "அண்ணை, மனுசி மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுது. தொட்டிக்குள்ளையோ விட்டனீங்கள்?" என்றான்.

"இரைச்சலைத் துடைச்சனான்."

பெயாத்தா இறங்கி வந்தார். "நீங்கள் துடைத்ததுதான் என் கவிதை. முதலாம் உலகப் போருக்குப் பிறகு எங்கள் கவிஞர்கள் சிலர் அர்த்தத்தை ஒதுக்கிவிட்டு, சொல்லின் சத்தத்தாலேயே பாட்டுக் கட்டினார்கள். நான் அதைத்தான் தொடர்கிறேன். இப்படியென்றால் மேடை ஏறமாட்டேன்."

அவரோடு என் வேலையும் இறங்கிப் போவது தெரிந்தது.

"எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு ஒருக்கால் கேளுங்கோவன்," என்றான் ரமணன்.

நிறுத்தினேன். மீண்டும் வாசித்தார். ஷ், ச், ர், ஒரு மூச்சு, திரும்ப ஷ். என் கால் தானாகத் தாளம் போட்டது. மிருதங்கக்காரர் வாயால் சொல்லும் சொற்கட்டுத்தான் இது. தகதிமிக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. மூச்சு எடுக்கிற இடமும் கணக்கில் சேரும். "இப்படியே விட்டால் ஏறுவீங்களா?" என்று கேட்டேன். தலையாட்டினார்.

மாலை நிகழ்ச்சியில் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்தேன். மூச்சு வந்த இடங்களில் விரல்கள் துடித்தன. "அங்கையே கிடக்கட்டும்," என்றான் ரமணன். இடைவேளையில் ராப் பாடும் ஜெர்மன் இளைஞர்கள் சிலர் வாசலில் நின்று அந்த 'ஷ்ஷ்'ஐத் தங்கள் தாளத்துக்கு ஏற்றிப் பழகினார்கள். முடிவில் மேலாளர், "இன்றைக்குத்தான் நன்றாக வேலை செய்தீர்கள்," என்றார். ஒன்றும் செய்யாததற்கு நிரந்தர வேலை கிடைத்த ஆள் நான்.

அடுத்த சனி ஒரு கலியாணம். பெயாத்தாவின் பாதிப்பில் எக்கோவைத் தொடவில்லை. வாழ்த்துரை சொன்னவர் பாதியில் நிறுத்தி, "தம்பி, எக்கோ எங்கை? வீட்டிலை கதைக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார். போட்டேன்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எது இரைச்சல் என்பதை மைக் பிடித்திருப்பவர் சொல்லட்டும். அதுவரை கையின்மேல் இருங்கள். எனக்கு விரல் இன்னும் துடிக்கிறது.