கோட்டுக்காரர் படித்த போர்ச்சுகீசியம்

கோட்டுக்காரர் என்று கேட்டதும் பணிமனைக்குப் புதிதாக வருகிறவர்கள் கோட்டு போட்ட ஆளைத் தேடுவார்கள். அப்படி யாரும் அங்கே கிடையாது. உதிரிபாகக் கிடங்கின் கம்பி வலைக்குப் பின்னால், முழங்கை வரை கிரீஸ் கறையும் காதில் பென்சிலுமாக ஒல்லியான ஒரு மனிதர் நிற்பார். அவர்தான். வாரத்தில் ஆறு நாள் பேருந்துகளுக்கு பிரேக் லைனிங்கும் ஃபேன் பெல்ட்டும் எடுத்துக் கொடுப்பார். ஏழாம் நாள் வாலிபால் மைதானத்தின் மூலையில் சிவப்புக் கொடியோடு நின்று, பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்லுவார். கோடு பார்க்கிறவர் என்பதால் கோட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயர்தான். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே ஒரு நொடி பிடிபடாது.

பள்ளிக்கூட நாளில் ஆடியும் பார்த்தார். ஆசை வானத்தளவு, உயரம் வலையளவுகூட இல்லை. ஒரு சீசன் முழுக்கப் பந்துப் பையைச் சுமந்ததற்குப் பரிசாகக் கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு பாயிண்டுக்கு உள்ளே விட்டார்கள். அதிலும் பந்து அவர் பக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கொடியைப் பிடித்தார். வலையோரம் உயரமாக இருக்குமே, நடுவர் ஏறி உட்காரும் நாற்காலி, அதில் ஒருநாள் உட்கார வேண்டும் என்பது அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஆசை. தேர்வு மூன்று முறை எழுதினார். மைதானத்தில் வைத்த சோதனையில் அவரை அடிக்க ஆளில்லை. எழுத்துத் தேர்வு மூன்று முறையும் காலை வாரிவிட்டது.

அந்த வருஷம் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான பெரிய போட்டி ஒன்று அந்த ஊருக்கு வந்தது. பல தேசத்து அணிகள். கோட்டுக்காரர் சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தார்.

"கோடு பாக்குற லிஸ்ட் ரொம்பிடுச்சுப்பா. எல்லாம் மேலேர்ந்தே அனுப்புறாங்க" என்றார் செயலாளர். எதிரே இருந்த முகம் தொங்கிப்போனதைப் பார்த்து மனசு கேட்கவில்லையோ என்னவோ, பேச்சை வளர்த்தார். "ஒரு டீம் வருது. போர்ச்சுகீசியம் விட்டா அவங்களுக்கு வேற எதுவும் வராது. மொழிபெயர்க்க ஒரு பொண்ணு இருக்கு. ஆனா அது ரெண்டு டீமைப் பாக்கணும். கூடமாட நிக்க, ஆட்டம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும். உனக்கு அந்த பாஷை வருமா?"

"கத்துக்கறேன் சார்."

"நாலு மாசம்தான் இருக்கு."

"போதும் சார்."

செயலாளர் சிரித்தார். "செஞ்சு காட்டு. அடுத்த வருஷம் ரெஃபரி நாற்காலிக்கு உன் பேரை நானே எழுதறேன்."

கல்லூரியில் படிக்கும் மகள் எங்கோ தேடிப்பிடித்து, விளையாட்டுச் சொற்கள் இருநூற்று நாற்பதை ஒலியோடு அப்பாவின் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தாள். கிடங்கில் ஒவ்வொரு அலமாரிக்கும் நூல் கட்டிய சீட்டு தொங்கும். அந்தச் சீட்டுகளின் பின்பக்கமெல்லாம் போர்ச்சுகீசியம் ஏறியது. கிளட்ச் தட்டுக்குப் பின்னால் 'சாக்கி', அதாவது சர்வீஸ். ரேடியேட்டர் குழாய்க்குப் பின்னால் 'போலா ஃபோரா', பந்து வெளியே. 'ர' எழுதி 'ஹ' என்று படிப்பது அவரைக் கொஞ்ச நாள் பாடாய்ப் படுத்தியது. கோட்டுக்கு 'லீஞா' என்று சொல்வார்கள் என்று தெரிந்த அன்றைக்கு மட்டும் துள்ளிக் குதிக்காத குறை.

"பாத்தியா, நம்ம ஆளுங்க மறந்துபோன 'ஞ'வை அவங்க பத்திரமா வச்சிருக்காங்க" என்றார் போர்மேனிடம்.

"அது இருக்கட்டும். எனக்கு ஆயில் சீல் வேணும், அதைக் குடு. வண்டி வெளிய போகணும்."

"போலா ஃபோரா" என்று சொல்லி ஆயில் சீலை நீட்டினார். போர்மேன் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. வீட்டுக்கு வந்து துணி மடிக்கும்போது கைப்பேசியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது அவள்தான்.

"சர்வீஸ்?"

"சாக்கி."

"ஆமா, வீட்டு வேலையிலேர்ந்து தப்பிக்க நல்ல சாக்கு. தடுக்கறதுக்கு?"

"புளொக்கேயு."

"பந்தைத் தூக்கிக் குடுக்கறவளுக்கு?"

"லெவன்ட்டடோரா. வாய் வலிக்குது, கொஞ்சம் விடேன்."

அவள் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "ஏங்க, எல்லாம் பந்தும் வலையுமாவே இருக்கே. கை காலுக்கு, வலிக்குது வீங்குதுன்னு சொல்றதுக்கெல்லாம் ஒண்ணும் இல்லையா?"

"அதுக்கெல்லாம் டாக்டர் இருப்பாரு. என் வேலை ஆட்டத்தோட சரி."

நாலு மாசத்தில் இருநூற்று நாற்பதும் தலைகீழ்ப் பாடம். போதாதென்று 'இருக்கிறேன்', 'வருகிறேன்', 'இங்கே', 'அங்கே' என்று சில்லறைச் சொற்களையும் சேர்த்துக்கொண்டார்.

அணி வந்து இறங்கிய முதல் நாள் பயிற்சியில், கோட்டை ஒட்டி விழுந்த ஒரு பந்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் "போலா ஃபோரா!" என்று கத்திவிட்டார். பன்னிரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் கைதட்டிச் சிரித்தார்கள். பயிற்சியாளர் கட்டையான உடம்பும் கரகரத்த குரலும் கொண்ட ஒரு அம்மாள். அவரும் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று வீட்டுக்குப் போன மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பத்தாம் நம்பர் போட்ட பெண்தான் அவரோடு அதிகம் ஒட்டிக்கொண்டாள். பதினேழு வயது. பந்தைத் தூக்கிக் கொடுக்கும் லெவன்ட்டடோரா அவள்தான். கோட்டுக்காரரின் உச்சரிப்பைத் திருத்துவாள். அவர் சரியாகச் சொல்லும் வரை விடமாட்டாள். சொல்லிவிட்டால் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து முட்டிக் குடிப்பார்கள். ஊருக்குத் திரும்பியதும் பெரிய கிளப் ஒன்றில் சேரப்போகிறாள், கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று மொழிபெயர்க்கும் பெண் சொன்னாள். சொந்த மகளுக்கு வேலை கிடைத்த மாதிரி அதைப் பணிமனை முழுக்கச் சொல்லித் திரிந்தார் கோட்டுக்காரர்.

அரையிறுதி ஐந்தாவது செட் வரை போனது. பதினொன்றுக்குப் பதினொன்று. மொழிபெயர்க்கும் பெண் அந்த நேரத்தில் பக்கத்து அரங்கில் இன்னொரு அணியோடு இருந்தாள். பின்பக்கம் பறந்த பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிய பத்தாம் நம்பர் விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்தாள். ஒற்றைக் காலில் இறங்கினாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பயிற்சியாளர் அம்மாள் மைதானத்தின் மறுபக்கம், எதிரணிக்காரி வலையைத் தொட்டுவிட்டாள் என்று நடுவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். போட்டி டாக்டரும் கோட்டுக்காரரும்தான் ஓடிப்போனார்கள்.

"என்ன ஆச்சுன்னு கேளுங்க" என்றார் டாக்டர்.

கோட்டுக்காரர் குனிந்தார். என்ன ஆச்சு என்று கேட்க அவரிடம் சொல் இல்லை. இருந்த சொல்லை எடுத்தார். "ஜோகா?" ஆடுவாயா?

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. "எஸ்தலோ" என்றாள். அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பவும், "எஸ்தலோ."

'எஸ்தோ' என்றால் இருக்கிறேன். 'லா' என்றால் அங்கே. இரண்டும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எஸ்தோ லா.

"என்ன சொல்றா?"

"நான் இருக்கேங்கறா டாக்டர். ஆடறேங்கறா."

டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை. அவள் எழுந்தாள், நாலடி நடந்தாள். மறுபக்கத்திலிருந்து பயிற்சியாளர் அம்மாள் "ஜோகா?" என்று கத்தினார். கோட்டுக்காரர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பத்தாம் நம்பர் அந்த விரலைப் பார்த்தாள், ஸ்கோர் பலகையைப் பார்த்தாள், உள்ளே போனாள்.

இரண்டு பாயிண்ட் கழித்து, பந்தைத் தூக்கிக் கொடுக்க எழும்பியவள் இறங்கும்போது கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போயிற்று. யாரும் இடிக்கவில்லை. பக்கத்தில்கூட ஆள் இல்லை. அவள் போட்ட சத்தத்தில் அரங்கம் வாயடைத்துப் போனது.

மருத்துவமனை நடைபாதையில் பயிற்சியாளர் அம்மாள் கோட்டுக்காரருக்கு எதிரே வந்து நின்றார். பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண். "முதல்ல விழுந்தப்ப அவ என்ன சொன்னான்னு கேக்கறாங்க சார்."

"எஸ்தோ லா-ன்னு சொன்னா. இருக்கேன்னு."

அம்மாளின் நெற்றி சுருங்கியது. மொழிபெயர்க்கும் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "சார், எஸ்தலோன்னு சொன்னாளா?"

"ஆமாம்மா. அதேதான். ரெண்டு தடவை சொன்னா."

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "அது வேற வார்த்தை சார். உள்ள டக்குனு ஏதோ முறிஞ்ச மாதிரி சத்தம் வந்துச்சுன்னு அர்த்தம்."

அவள் அதை அம்மாளிடம் அவர்கள் மொழியில் சொல்வதைக் கோட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மாள் திட்டவில்லை. திரும்பி அறைக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

எலும்பு டாக்டரிடம் அவரே போய்க் கேட்டார். "முட்டிக்குள்ள இருக்கற நார் முதல் தடவையே அறுந்து போயிடுச்சா சார், இல்ல ரெண்டாவது தடவையா?"

"முதல்லயே முழுசா போயிருக்கலாம். பாதி போயிருந்து, அப்புறம் மீதி போயிருக்கலாம். அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க."

"ஒரு குத்துமதிப்பா..."

"சொல்ல முடியாதுங்க."

மறுநாள் அவளைப் பார்க்க விட்டார்கள். காலில் தொடை வரை கட்டு. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க என்ன சொல் என்று மொழிபெயர்க்கும் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். கூடவே வந்தவளிடம் அதைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டார். கட்டிலருகே நின்று, தெரிந்ததைக் கோத்தார். "ஃபால்ட்டா. மீஞா." ஆட்டத்தில் தப்பு செய்தால் நடுவர் சொல்கிற ஃபால்ட்டா. என்னுடையது.

அவள் திரும்பவில்லை. கூரையைப் பார்த்து ஏதோ சொன்னாள், நாலைந்து சொல்தான் இருக்கும்.

"என்ன சொல்றாம்மா?"

"விடுங்க சார். வலியில ஏதோ..."

"பரவால்ல, சொல்லு."

"'நான்தான் சொன்னேனே'ங்கறா சார்."

அணி ஊருக்குத் திரும்பியது. அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டார். வழியனுப்ப அவர் போகவில்லை. இரண்டு வாரத்தில் சங்கத்திலிருந்து ஒரு சான்றிதழ் வந்தது. மொழித்துணையாகச் சிறந்த சேவை என்று பொன் எழுத்தில் அச்சடித்திருந்தது. யாருக்கும் விஷயம் தெரியவில்லையா, தெரிந்தும் போட்டார்களா என்று அவருக்கு விளங்கவில்லை. செயலாளரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அடப் போப்பா. டாக்டர் பாக்காததையா நீ பாத்துடப் போற? ஆட்டம்னா அடிபடும். நாற்காலி விஷயம் நான் எழுதிட்டேன்."

"வேண்டாம் சார்."

"என்ன வேண்டாம்?"

"பேரை எடுத்துடுங்க சார்."

வீட்டில் மனைவி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கை காலுக்கு வார்த்தை இல்லையா என்று தான் கேட்டதை அவள் ஒருநாள் சொல்லிக்காட்டுவாள், அன்றைக்கு ஒரு பாட்டம் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்று அவர் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. துணி மடித்தாள், விளக்கை அணைத்தாள், அவர் பக்கம் திரும்பிப் படுத்து முதுகில் கை வைத்தாள். அந்தக் கையின் கனம் அவருக்குத் தாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மாவட்டப் போட்டிக்குக் கோடு பார்க்கக் கூப்பிட்டார்கள். போனார். கோட்டு நடுவருக்குப் பந்து விழுந்த இடம் தெரியாமல் போனால், இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே வைத்துக் காட்டலாம். விதிப்படி அது தப்பில்லை. அன்று முதல் செட்டிலேயே மூன்று முறை காட்டினார். மூன்றாவது பந்து கோட்டைத் தாண்டி ஒரு முழத்துக்கு அப்பால் விழுந்திருந்தது. நாற்காலியில் இருந்த இளவயது நடுவர் இறங்கி வந்தார்.

"உடம்பு சரியில்லையாண்ணே?"

"கண்ணு கொஞ்சம்..."

"நீங்க போய் உக்காருங்கண்ணே. வேற ஆளைப் போட்டுக்கறோம்."

கொடியைக் கொடுத்துவிட்டு வந்தவர் அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே போகவில்லை. ஏழாம் நாள் விடுப்பையும் விட்டுக் கொடுத்துவிட்டுக் கிடங்கிலேயே இருக்க ஆரம்பித்தார். போர்மேன் முதலில் கிண்டல் பண்ணினார், பிறகு அதையும் விட்டுவிட்டார். புதிதாக வந்த பையன்கள் கோட்டுக்காரர் என்று ஏன் பெயர் என்று கேட்டால், "சும்மா, பழைய பேரு" என்பார்.

மொழிபெயர்க்கும் பெண்ணுக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போன் போடுவார். அவளும் சலிக்காமல் பத்தாம் நம்பரைப் பற்றி விசாரித்துச் சொல்லுவாள். முதல் அறுவை சிகிச்சை சரியாக வரவில்லை. இரண்டாவதும் செய்தார்கள். கிளப்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மத்தியான வேளை மொழிபெயர்க்கும் பெண்ணே கூப்பிட்டாள்.

"சார், அவ ஆட்டத்தை விட்டுட்டாளாம். அவங்க அம்மா கடையில உக்கார்றாளாம்."

"என்ன கடைம்மா?"

"அது கேக்கலையே சார்."

"நடக்கறாளா?"

"நடக்கறா சார். படி ஏறும்போது மட்டும் பிடிச்சுக்கணுமாம்."

"என்னைப் பத்தி எதாவது..."

"இல்ல சார்."

"சரிம்மா. நீ நல்லா இரு."

வெளியே டயர் லாரி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கோட்டுக்காரர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கிடங்குக் கதவைத் திறக்கப் போனார்.