முதுகு காட்டி நின்றவள்

பெரார்தீனோவைப் போல ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை. அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நினைத்தால் அழுகையும் வருகிறது.

குளிர் தொடங்குமுன் அப்ரூசோ மலையிலிருந்து ஆடுகளோடு எங்கள் சமவெளிக்கு இறங்குகிற மேய்ப்பன் அவன். மற்ற மேய்ப்பர்கள் மனைவியை மலையிலேயே விட்டு வருவார்கள். 1846 அக்டோபரில் இவனுக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம். பிரிந்திருக்க முடியாமல் தொமித்தில்லாவையும் கூட்டிவந்து, என் மதுக்கடைக்கு எதிரே, ஒருகாலத்தில் ரோமுக்குத் தண்ணீர் கொண்டுபோன, இடிந்த நீர்ப்பாலத்தின் அடியில் குடிசை போட்டான்.

ரோமிலிருந்து ஓவியர்கள் குடையும் மடக்கு நாற்காலியுமாக வருவது இங்கே சகஜம். அந்த வாரம் வந்த டென்மார்க்காரர் பாலத்தை வரைந்துகொண்டே, "அந்தப் பொண்ணு தூணோரம் நிக்கட்டுமே" என்றார்.

பெரார்தீனோ இரண்டு விரல்களைக் கொம்புபோல் தரையை நோக்கி நீட்டினான். கண்ணேறுக்குக் காப்பு அது. "நில்லுடி, ஆனா மூஞ்சியக் காட்டாத. வெளியூரான் கண்ணு ஆளையே சாச்சுரும்."

"ஆமா, பெரிய பேரழகி நான்! ஆடுகூட என்னைத் திரும்பிப் பாக்கறதில்ல" என்று சிரித்தபடி அவள் திரும்பி நின்றாள்.

மூன்றாம் வாரம் அவளுக்குச் சதுப்புக் காய்ச்சல் கண்டது. ஐந்தே நாள். செத்தவளின் கண்ணை மூடிவிட்டது நான்தான்.

ஜனவரியில் ஒருநாள் அவன் கடை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அவ மூஞ்சி மறந்துட்டே வருது. மூக்கு ஞாபகம் வருது, வாய் வரமாட்டேங்குது."

"அதுக்கு நான் என்னடா பண்ணுவேன்?"

"திரும்புறதுக்கு முந்தி அந்தப் படக்காரரை ஒருதரம் நிமிந்து பாத்தா. அதை வரைஞ்சிருப்பாருல்ல?"

இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓவியருக்குக் கொடுக்க ஒரு ஆட்டுப் பாலாடைக்கட்டியைத் துணியில் முடிந்துகொண்டு, இருவரும் ரோமுக்கு நடந்தோம்.

ஓவியர் நல்ல மனிதர். விஷயம் கேட்டதும் பதறிப்போய்த் தாளைத் தேடி எடுத்தார். பாலம், புல்வெளி, தூரத்து மலை எல்லாம் அப்படியே இருந்தன. தூணடியில், நகக்கண் அளவில், முக்காடு போட்ட ஒரு முதுகு.

"இடிபாடு எவ்வளவு உசரம்னு தெரியணும்ல, அதுக்காகத்தான் ஆள் நிக்கச் சொன்னேன்" என்றார், குரல் தாழ்ந்து. "நீயே வச்சுக்கப்பா."

பெரார்தீனோ தாளை இரண்டு கையாலும் வாங்கினான். வெகுநேரம் அந்த முதுகையே பார்த்தான். பிறகு தாளை மெல்லத் திருப்பி, பின்பக்கத்தில் பார்த்தான்.