கிறவலுக்கு மேல் முளைத்த கோரை

எங்கள் பக்கத்தில் பொம்பிளைப் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் முதலில் வீடு கட்ட வேண்டும். அப்படித்தான் மகளுக்காக களுதாவளையில், வாவிப் பக்கமாக ஒரு காணி பார்க்கப் போனோம். அதை விற்றுத்தான் தன் மகளுக்கு வீடு கட்டப் போவதாகக் காணிக்கார அம்மா சொன்னா.

கிறவல் மண் கொட்டி மேடாக்கிய நிலம். அதன்மேல் பச்சைப் பசேலென்று முளைத்திருந்தது. "நல்ல மண்தான், புல்லைப் பாரன்" என்றார் என் கணவர்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு தண்டைப் பிடுங்கி விரல்களுக்கிடையில் உருட்டினேன். உருளவில்லை. மூன்று விளிம்புகள் விரலில் தட்டுப்பட்டன. புல் இல்லை, கோரை. கிளறிப் போட்ட ஈரமண்ணில் முதலில் குடியேறுவது அதுதான். அப்படியென்றால் அடியில் தண்ணீர் இருக்கிறது.

அந்த அம்மா மழுப்பத்தான் போகிறா என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்: "மாரியில தண்ணி நிக்குமா அக்கா?"

அவ என் கையிலிருந்த கோரையைப் பார்த்தா. "ஓம் தங்கச்சி. முழங்கால் அளவுக்கு நிக்கும்."

"விக்கிற நீங்களே இப்படிச் சொல்றீங்களே?" என்றார் இவர்.

"வேற எதுக்குமெண்டா சொல்லியிருக்க மாட்டன். பொம்புளப் புள்ளைக்கு வீடு கட்டத்தானே கேக்கிறீங்க."

நாங்கள் வேறிடத்தில் கட்டினோம். மாரி மழை ஊற்றும்போதும் மகளின் குசினித் தரை காய்ந்தே கிடக்கிறது. அந்த அம்மாவின் மகளுக்கு வீடு எழும்பியதா என்று போய்க் கேட்க மட்டும் எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.