ஒரே லேப்டாப்பில் இரண்டு கேபிள்கள்

அச்சகத்தில் எல்லோரும் அவனை ஆண்டெனா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியான ஆள், நெடுநெடு உயரம். போதாக்குறைக்கு மொட்டைமாடியில் கம்பி நட்டு, உரிமம் வாங்கி, முகம் தெரியாதவர்களோடு ரேடியோவில் பேசும் பித்து வேறு.

அவன் மனைவிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. கணினித் திரையின் வரிகளைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் பட்டையை விரலால் தடவி வாசிப்பாள். கணினி வாய்விட்டுப் படிக்கவும் செய்யும். ஆனால் காதுக்கு னகரமும் ணகரமும் ஒன்றுதான், விரல் ஏமாறாது.

வீட்டில் இருந்தது லினக்ஸ் இயங்குதளம் போட்ட ஒரே லேப்டாப். பகலில் அவளுக்கு, சாயங்காலம் அவனுக்கு.

அந்தச் சனிக்கிழமை ரேடியோப் போட்டி, விடிய விடிய யார் அதிகம் பேரோடு பேசுகிறார்கள் என்று. புதுக் கேபிளால் ரேடியோவை லேப்டாப்போடு இணைத்தான். ரேடியோவும் லேப்டாப்பும் பேசிக்கொள்ளும் வழியான சீரியல் போர்ட் திரையில் தலைகாட்டிவிட்டு உடனே மறைந்தது. கழற்றி மாட்டினான். வேறு துளையில் செருகினான். போர்ட்டைத் திறக்கத் தனக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தான், இருந்தது. கடைசியில் லினக்ஸ் தனக்குள் குறித்துவைக்கும் கர்னல் பதிவுகளைத் துழாவியதும் விஷயம் பிடிபட்டது. பிரெயில் பட்டையை இயக்கும் புரோகிராம், அதே வகைச் சிப் உள்ள ரேடியோக் கேபிளையும் பிரெயில் பட்டை என்றெண்ணிப் பறித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கேபிளை விட்டுவிடு என்று அதற்குச் சொல்லிவைக்க வழி உண்டு. தேடிப் படிக்க அவனுக்குப் பொறுமையில்லை. புரோகிராமையே அழித்தான். போர்ட் நிலைத்து நின்றது.

ஞாயிறு காலை, அவன் சற்றுக் கண்ணயரப் போனபோது அவள் உட்கார்ந்தாள்.

"ஏங்க, பட்டையில புள்ளியே எழும்பல."

"பழசாச்சுல்ல, போயிருக்கும். அப்புறம் பாக்கலாம்."

"நாளைக்கு வேலைய முடிச்சுக் குடுக்கணுங்க."

"ஒரு தடவ காதால கேட்டுத் திருத்தினா என்ன? குடியா முழுகிடும்?"

கேட்டுத்தான் திருத்தினாள். பதிப்பகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பிழை கண்டார்கள். அவளை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே மேலாளர் பக்கத்திலிருந்தவரிடம், "கண்ணு தெரியாதவங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்," என்றார். அதன்பிறகு வேலை வரவில்லை.

பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறி, பழுதுபார்க்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் தன் கணினியில் மாட்டியதும் புள்ளிகள் எழும்பின.

"அக்கா, இது நல்லாத்தான் இருக்கு. உங்க லேப்டாப்புல இதுக்கான புரோகிராம யாரோ எடுத்துட்டாங்க போல."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். ஆண்டெனா மறைக்கவில்லை.

"போட்டி முடிஞ்சதும் போட்டுடலாம்னு நெனச்சேன்மா. மறந்துட்டேன்."

"பட்டை போச்சுன்னு எதுக்குப் பொய் சொன்னீங்க?"

அவன் லேப்டாப்பைத் திறந்து புரோகிராமை மறுபடி போட்டான், கேபிளை விலக்கிவைக்கும் வரியையும் எழுதினான். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது. பட்டையும் வேலை செய்தது, ரேடியோவும் வேலை செய்தது.

அவள் பதிப்பகத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். வேறு ஆள் வைத்தாயிற்று என்றார்கள்.

இப்போது ஒரு மருத்துவமனையில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை பார்க்கிறாள். புத்தகம் கிடையாது, பிழை கிடையாது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பக்கத்து அறையில் அவன் ரேடியோவில், "கேட்குதா? கேட்குதா?" என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.