முந்திச் சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் ஈப்போ தமிழ்ச் சபையில் ஞாயிறுதோறும் துண்டுச்சீட்டுகளை வாசிப்பது நான்தான். ஆராதனைக்கு முன்னால் ஆளாளுக்கு எழுதிப் பெட்டியில் போடுவார்கள். நன்றி சொன்னால் ஸ்தோத்திரம், உதவி கேட்டால் விண்ணப்பம். இரண்டையும் பிரித்து, பிழை திருத்தி, மைக்கில் வாசிப்பேன். தமிழ்ப்பள்ளியில் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவள் நான். கோழிக் கிறுக்கலும் எனக்கு அச்செழுத்துதான். நான் தப்பாக வாசித்ததாக யாரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதும் இல்லை.

அந்த ஞாயிறு ஒரு சீட்டில், "கால் போத்தோங் வேண்டாம். வியாழன் ஆஸ்பத்திரி" என்று மட்டும் இருந்தது. எழுதியவர் முன்பு செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர். இப்போது ஒரு தொழிற்சாலை கேட்டில் ஜாகா, காவல் வேலை. சர்க்கரை வியாதியால் அவருடைய இடது பாதத்துப் புண் ஆறாமல் இருந்தது சபைக்கே தெரியும். வெட்டுவதைத் தோட்டத்து ஆட்கள் இன்னும் மலாயில் போத்தோங் என்றுதான் சொல்வார்கள். வெட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், "நம் சகோதரருடைய காலை வெட்டத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று வாக்கியத்தை அழகாக முடித்தும் வைத்தேன். சபை முழுக்க அல்லேலூயா. கடைசி பெஞ்சில் அவர் தலைகுனிந்து இருந்தார். நன்றியில் உருகுகிறார் என்று அதற்கும் நானே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே தேத்தண்ணி குடிக்கும்போது, ஒவ்வொருவராக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். அவர் மனைவி என்னை ஓரமாக அழைத்தார்.

"டீச்சர், டாக்டர் ஒன்னும் சொல்லலைலா. வேண்டாம்னு கேக்குறது இவருதான். வியாழக்கிழமைதான் முடிவு சொல்வாங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருப்பேன்! வெட்கத்தில் காது சுட்டது. வெட்கம்கூடப் பெரிதில்லை. அந்த வாரம் முழுக்க சபை அவருக்காக மன்றாடியிருக்க வேண்டும். என்னால் அது முடிந்துபோன விஷயமாகிவிட்டது. முடிந்த காரியத்துக்காக யார் ஜெபிப்பார்கள்?

வாட்சாப் குரூப்பில் திருத்திப் போட்டுவிடவா என்று சகோதரரிடமே போய்க் கேட்டேன். விடுங்க டீச்சர், இவ்வளவு பேர் சந்தோஷப்பட்டாங்களே என்றார். தன் காலை விட்டுவிட்டு என் மானத்தைப் பார்க்கிறாரே என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. கோப்பெங்கிலிருந்து வரும் ஆட்களின் வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் போய் நின்றேன். பள்ளித் திடலில் கத்திய குரல் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லாரும் இறங்குங்கள், நான் தப்பாக வாசித்துவிட்டேன், இவர் காலுக்கு இன்னும் ஆபத்து இருக்கிறது என்றேன். கார்க் கதவுகள் திறந்தன. உச்சி வெயிலில், கையில் தேத்தண்ணி கப்போடு அப்படியே நின்று ஜெபித்தோம். வியாழன்வரை வீட்டுக்கு வீடு முறை வைத்தும் ஜெபித்தோம்.

வியாழக்கிழமை டாக்டர் முடிவு சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் காலை எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பார்க்கப் போனேன். ஆறுதலுக்கென்று மூன்று வசனங்களை மனப்பாடம் செய்து போயிருந்தேன். ஆனால் ஆண்டவர்மேல் எனக்கு வருத்தம். அதை மறைத்துப் பேசவும் தெரியவில்லை. போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிக் கிடந்ததைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனா இருக்கா டீச்சர், இரண்டு சீட்டு எழுதணும் என்று அவர்தான் பேச்சை எடுத்தார். முதல் சீட்டு பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சீனப் பெரியவருக்கு. அவருக்குத் திங்கட்கிழமை தொடையோடு எடுக்கப்போகிறார்களாம். பார்க்க வர ஆளே இல்லையாம். அதை விண்ணப்பமாக எழுதினேன். இரண்டாவது என்ன என்று கேட்டேன். ஸ்தோத்திரம் என்றார். எதற்கு ஸ்தோத்திரம் என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டுவிட்டேன்.

"கீழதான் டீச்சர் போத்தோங் பண்ணாங்க. முட்டிய விட்டுட்டாங்க. இன்னும் முட்டி போட்டு ஜெபம் பண்ணலாம்லா."

நான் அழுதுவிட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்னதை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் எழுதினேன்.