குரங்கு கடித்த காம்பு

சிறுமலைக் குரங்குகளைப் பற்றி நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதை நம்பிய ஒரு மனிதர், அடுத்த ஆண்டு, முள்கட்டைத் தோளில் சுமந்துகொண்டு மலையேறினார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அந்த நாட்கள் என் வாழ்வின் நல்ல நாட்கள். நினைக்கத் தொடங்கினால் சந்தோஷம்தான் முன்னால் வந்து நிற்கும். அதையே எழுதிக்கொண்டுபோய் மற்றதைச் சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகம்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். அந்தப் பொய்யை நம்பியவர் அங்கே டிராயிங் மாஸ்டர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆசிரியர்கள் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது. தேசப்படங்களைச் சுருட்டி வைத்த பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மற்ற ஆசிரியர்கள் மகசூலும் மாற்றலும் பேசுவார்கள். அவர் சன்னலில் ஊரும் குளவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அதே குளவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் பழக்கம். பள்ளியில் அவர் எனக்கு “சார்”, மலையில் “அண்ணே”. நான் அவருக்கு மலையில் “அப்பு”.

அவர் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பூசைக்குப் போய்விடுவார். ஆகவே எங்கள் மலை நாள் சனிக்கிழமை. விடிந்ததும் நத்தம் சாலையில் சைக்கிளை மிதிப்போம். தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் மூக்கை விட்டுப் போனதும் அவர் பாட ஆரம்பிப்பார். அடிவாரத்து டீக்கடையில் சைக்கிள்களை விட்டுவிட்டு, ஒற்றையடிப் பாதையில் ஏறுவோம். எதிரே வாழைக்காய்ப் பொதி சுமந்த குதிரைகள் இறங்கிவரும். அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் நேரம்தான் எங்களுக்கு மூச்சு வாங்கும் நேரம்.

கீழே எல்லாம் முள்ளும் காய்ந்த புல்லும். மேலே, ஓடையை ஒட்டிய ஒரு பள்ளத்தில், வெயில் தரையைத் தொடாத காடு இருந்தது. உள்ளே நுழைந்ததும் சட்டை முதுகில் குளிரும். மரங்களின் பட்டை தெரியாதபடி பாசியும் பெரணியும் மூடியிருக்கும். சில்வண்டுகள் ஒரே சமயத்தில் கத்தி, ஒரே சமயத்தில் நிறுத்தும். நிறுத்திய மறுகணம் ஓடையின் சத்தம் புதிதாகத் தொடங்கியதுபோல் கேட்கும்.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கல்லைப் புரட்டுவேன், உளுத்த கட்டையை உடைப்பேன், குக்குறுவான் பறவை கத்துகிற திசையில் ஓடுவேன். ஓடிப்போய்ப் பார்த்தால் குக்குறுவான் இருக்காது. துடுப்புவால் கரிச்சான் ஒன்று அதன் குரலில் கத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் ஒரு பாறையில் உட்கார்ந்தால் மாலை வரை அங்கேதான். ஒரு பெரணி இலையை ஒரு நாள் முழுக்க வரைவார். ஒருமுறை பாறையில் வைத்த தூரிகை என்று நினைத்து எதையோ எடுத்தார். அது கால்களை விரித்து அவர் மணிக்கட்டில் நடந்தது. குச்சிப்பூச்சி. கையை உதறாமல், இடது கையால் பென்சிலை எடுத்து அதையும் வரைந்து முடித்தார்.

மதியம் அவர் வீட்டுப் புளிச்சோறு. அதற்குத் தொட்டுக்கொள்ளத் தனியாக ஒரு தூக்கில் வெஞ்சனம் வரும். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பாறையில் படுத்து, மேலே மலையணில் கிளைவிட்டுக் கிளை தாவுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்போது எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. இதைத் தயங்காமல் எழுதுகிறேன்.

அந்தப் பள்ளத்தில் ஓடைமேல் சாய்ந்த ஒரு மரம் இருந்தது. அதன் தாழ்ந்த கிளையில், எங்கள் கண்ணுக்கு நேரே, ஓர் ஆர்க்கிட் செடி. சாம்பல் நிறக் கயிறு போன்ற வேர்களால் பட்டையைக் கவ்விக்கொண்டு, தடித்த இலைகளை இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தது. எங்களோடு பேச நின்ற ஒரு குதிரைக்காரர் அதைப் புல்லுருவி என்றார். இல்லை, இது மரத்தை உறிஞ்சுவதில்லை, உட்கார மட்டும் இடம் கேட்கிற தொற்றுச்செடி என்று நான் விளக்கினேன்.

“சோறு கேக்காத விருந்தாளியா?” என்றார் குதிரைக்காரர். “எங்க வீட்டுக்கு இதுவரைக்கும் அப்புடி ஒருத்தரும் வந்ததில்ல வாத்தியாரே.”

ஒரு மார்ச் மாதம் அதில் ஒரு பூந்தண்டு வந்தது. ஒரே தண்டு. அடியில் இரண்டு பூக்கள் விரிந்திருந்தன, மேலே மொட்டுகள். இதழ்கள் தேன் நிறம். அவற்றின்மேல் வலை பின்னியதுபோல் பழுப்புக் கோடுகள். நடுவே நீலமா ஊதாவா என்று சொல்ல முடியாத ஓர் உதடு. அண்ணன் அதன் முன்னால் கை கட்டி நின்றார். தண்டு முழுவதையும் பென்சிலால் வரைந்து, ஒரே ஒரு பூவுக்கு மட்டும் வண்ணம் தீட்டினார். மிச்சம் அடுத்த சனிக்கிழமை என்றார். மொட்டிலிருந்து முழுப் பூ வரைக்கும் அந்த நிறம் எப்படி மாறுகிறதோ அப்படியே ஒரு தாளில் கொண்டுவர வேண்டும். பள்ளியில் சொம்பும் கத்தரிக்காயும் வரையக் கற்றுக்கொடுத்தே காலம் போய்விட்டது, ஒன்றையாவது சரியாக வரைந்துவிட்டால் போதும் என்று இறங்கும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. மதுரையில் ஒரு தாவரவியல் பேராசிரியர், பூவை அழுத்தி உலர்த்திப் பாடம் செய்து அனுப்பினால் பெயர் சொல்வார் என்று கேள்விப்பட்டிருந்தேன். யாரும் இதுவரை குறிக்காத இனமாக இருந்தால் என் பெயர் எங்காவது அச்சாகும் என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டேன். முழுத் தண்டையும் அனுப்பினால்தான் மதிப்பு என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

வாரத்தின் நடுவில் ஓர் உள்ளூர் விடுமுறை வந்தது. தனியாக மலையேறினேன். சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனேன் என்று இன்றும் சொல்ல ஆசை. ஆனால் அழுத்துப்பலகையையும் பழைய செய்தித்தாள்களையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவன் பார்க்கப் போனவன் அல்ல.

தண்டை அடிப்பக்கத்தில் பேனாக்கத்தியால் வெட்டினேன். தாள்களுக்கு நடுவில் பரப்பி, பலகையை இறுக்கிக் கட்டினேன். எழுந்தபோது செடியில் மிச்சமிருந்த காம்பு கண்ணில் பட்டது. சாய்வாக, வழுவழுப்பாக, கத்தி பட்டது அப்படியே தெரிந்தது. குரங்குகள் தண்டுகளைக் கடித்துத் துப்பிய இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை நார் நாராக, நைந்து கிடக்கும்.

நான் முகத்தை நீட்டி அந்தக் காம்பைக் கடித்தேன்.

பச்சைக் கசப்பு. வாயில் கோந்துபோல் ஒட்டியது. இரண்டு மூன்று முறை கடித்து நைத்து, சக்கையைத் துப்பி, சற்று விலகி நின்று பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. பட்டப்படிப்பு படித்த, மாணவர்களுக்கு உண்மையைப் பற்றி வாரத்துக்கு ஒருமுறையாவது பேசுகிற ஒருவன், ஓடைக்கரையில் நின்று அப்படி ஒரு வேலை செய்தான்.

சனிக்கிழமை வண்ணப்பெட்டியோடு வந்த அண்ணன் கிளைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். குரங்காக இருக்கும் என்று நான்தான் முதலில் சொன்னேன். அவர் காம்பைத் தொட்டுப் பார்த்தார்; ஆமாம், பல் பதிந்திருக்கிறது என்றார். திட்டவில்லை. பாறையில் உட்கார்ந்து, கொண்டுவந்த வண்ணங்களைக் குழைத்து, அந்தக் காம்பையே வரைந்தார். நைந்த நார்கள், உலர்ந்த சாறு, ஓரத்தில் ஊர்ந்த ஓர் எறும்பு எல்லாம் வந்தது. கீழே அழகான எழுத்தில் ‘குரங்கு கடித்த காம்பு’ என்று எழுதினார்.

பாடம் செய்த பூ, தாள்களுக்குள்ளேயே கறுத்துவிட்டது. தேன் நிறமும் போயிற்று, ஊதாவும் போயிற்று. வதங்கிய வெங்காயத் தாள் மாதிரி இருந்தது. அதை அனுப்ப மனம் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பில் அதே செடி மரத்துக்கு மரம் தொற்றியிருப்பதைப் பார்த்தேன். அபூர்வ இனமெல்லாம் இல்லை. எங்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த மார்ச். தண்டு மறுபடி எட்டிப்பார்த்தது. அந்தச் சனிக்கிழமை அண்ணன் அடிவாரத்தில் இலந்தை முள்ளை வெட்டி, வாழைநாரால் கட்டாகக் கட்டித் தோளில் ஏற்றினார். கிளையின் இரண்டு பக்கமும் முள் கட்டிவிட்டால் குரங்கு அண்டாதாம். நான் பாதியைத் தூக்குகிறேன் என்றேன். வெயிலில் இரண்டு பேர் ஏன் குத்துப்பட வேண்டும் என்றார். எதிரே வந்த குதிரைக்காரர் குதிரையை நிறுத்தியே விட்டார்.

“ஊரு ஒலகத்துல எல்லாரும் மலையிலருந்து கீழ கொண்டுபோவாக. நீங்க என்ன வாத்தியாரே, கீழருந்து மேல கொண்டுபோறீக? அதுவும் முள்ள?”

“கொரங்குக்கு வேலி போடப்போறோம்” என்றார் அண்ணன்.

“போடுங்க, போடுங்க. அப்புடியே அதுக்கு ஒரு கேட்டும் வச்சிருங்க.”

அண்ணன் சிரித்தார். அவர் கழுத்தில் முள் கிழித்த கோட்டில் ரத்தம் துளிர்த்திருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் சனிக்கிழமைகள் போய்விடும் என்று பயந்தேன்.

அதே வாரம் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளி. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். மீதி இருந்தவை இரண்டே சனிக்கிழமைகள். தண்டோ இன்னும் மொட்டாகவே இருந்தது. அந்த வாரம் முழுவதும் நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. சன்னல் வழியாக மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் படம் முடியாமல் ஊரை விட்டுப் போனால், அது குரங்கால் அல்ல, என்னால்.

முதல் சனிக்கிழமை அடியில் மூன்று பூக்கள் விரிந்திருந்தன. வரைந்தார். இரண்டாவது சனிக்கிழமை, நுனியில் இரண்டு மொட்டுகள் தவிர எல்லாம் விரிந்திருந்தன. எனக்கு உயிர் வந்தது. அன்று நான் கல்லைப் புரட்டவில்லை, எங்கும் ஓடவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாளில் ஏறும் எறும்புகளை ஊதிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு குரங்குக் கூட்டம் வந்து எதிர் அத்திமரத்தில் பழம் தின்றது. ஒன்றுகூட அந்தப் பூவைத் திரும்பிப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்துப் பயந்துவிட்டன என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

மதியம் தாண்டி ஒரு கருவண்டு வந்தது. கட்டைவிரல் தடிமன். முள்ளுக்கு நடுவே புகுந்து, ஒரு பூவின் உதட்டில் தொற்றி, தலையை உள்ளே திணித்தது. பூ அதன் கனத்தில் ஆடியது. பின்வாங்கி வெளியே வந்தபோது அதன் நெற்றியில் இரண்டு மஞ்சள் உருண்டைகள் ஒட்டியிருந்தன. ஆர்க்கிட் தன் மகரந்தத்தை அப்படித்தான் மூட்டையாகக் கொடுத்தனுப்பும். புத்தகத்தில் படித்துப் பாடமும் நடத்தியிருக்கிறேன். பார்த்ததில்லை. நெற்றியில் மஞ்சளோடு அது அடுத்த பூவுக்குள் நுழைந்தது. அண்ணன் தூரிகையைத் தூக்கியபடியே வைத்திருந்தார். போன ஆண்டு நான் வெட்டாமல் உட்கார்ந்திருந்தால், போன ஆண்டே இதைப் பார்த்திருப்பேன்.

கடைசி மொட்டையும் முடித்து அவர் தூரிகையை ஓடையில் அலசும்வரை காத்திருந்தேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம்.

“அண்ணே, போன வருசம் கொரங்கு ஒடிக்கல. நான்தான் வெட்டுனேன்.”

“பல்லு பதிஞ்சிருந்துச்சே?”

“அதுவும் என் பல்லுதான்.”

அவர் தூரிகையின் ஈரத்தை வேட்டியில் துடைத்தார். பிறகு என் முகத்துக்கு நேரே வந்தார். “வாயத் தெற.”

திறந்தேன். படம் வரையப்போகிறவர் மாதிரி உற்றுப் பார்த்தார். “மேல் பல்லு ரெண்டு முன்னால தள்ளியிருக்கு. நான் அப்பவே நெனச்சேன், இது வயசான கொரங்குன்னு.”

நான் சிரிக்கப்போனேன். அவர் சிரிக்கவில்லை.

“கேட்டிருந்தா ஒரு பூவ நானே பறிச்சுக் குடுத்திருப்பேன் அப்பு” என்றார். “ஒரு வருசம்.”

பிறகு முள்ளை முழுக்க அவிழ்க்கச் சொன்னார்; குருவிகள் வந்து உட்காரும் கிளை என்றார். அவர் பாறையில் உட்கார்ந்து மீதிப் புளிச்சோற்றைச் சாப்பிட, நான் ஒவ்வொரு முள்ளாக அவிழ்த்தேன். என் பத்து விரலும் குத்துப்பட்டன. முடித்துத் திரும்பியபோது எனக்கும் ஒரு பங்கு சோறு எடுத்து வைத்திருந்தார். வெஞ்சனமும் இருந்தது. இறங்கும்போது வழக்கம்போல் பாடினார்.

அவர் ஊர் மாறிய அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பூப் படத்தை அவர் தன்னோடு எடுத்துக்கொண்டார். காம்புப் படத்தை எனக்குக் கொடுத்தார்.

“தலைப்ப மாத்தி எழுதணும்னு உக்காந்தேன். அப்புறம் பாத்தா சரியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்” என்றார். இந்த முறை சிரித்தார்.

அறுபதுகளின் நடுவில் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில், பூப் படம் கண்ணாடிக்குள் இருந்தது. நிறம் துளியும் மங்கவில்லை. இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி அதைக் காட்டி, “தம்பி கூட ஒக்காந்து காவல் காக்கலைன்னா இதையும் கொரங்கு தின்னுருக்கும்னு ஒங்க அண்ணன் வாரவுக போறவுக எல்லார்ட்டயும் சொல்லுவாக” என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “தம்பிக்கு இன்னங்கொஞ்சம் வெஞ்சனம் வையி” என்றார்.

அந்த அம்மாளிடம் அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் வைத்ததை வாங்கிச் சாப்பிட்டேன். காம்புப் படம் இப்போதும் என் மேசைக்கு எதிரே இருக்கிறது. ஓரத்து எறும்பு மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். இதை எழுதும் நாள் வரை தலைப்பை மட்டும் காட்டினேன்.