கிணற்றில் வந்த நீலம்

நகரத்துக் கழிவுநீரை எங்கள் ஊர் எல்லையில் இரண்டு தொட்டிகளில் தேக்கி, கசடு அடியில் படிந்தபின் தெளிந்த நீரைத் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சப் போவதாக அறிவித்தார்கள். அதை நம்பாதவர்களில் நானே முதல்வன். ஆமத்தூர்ப் பக்கத்து ஊர் எங்களுடையது. எங்கே தோண்டினாலும் உப்புநீர். குடிக்கத் தகுந்த கிணறு ஒன்றே ஒன்று. தொட்டிக்கும் அதற்கும் இடையில் ஒரு கம்பங்காடுதான் இருந்தது.

"அடியில் சிமெண்டு பூசியிருக்கிறோம், சொட்டுக்கூடக் கசியாது" என்றார் சுகாதார அலுவலர், எவரும் கேட்பதற்கு முன்பே. கேளாத ஐயத்துக்கு முந்திக்கொண்டு விடை சொல்பவரை நான் நம்புவதில்லை. மேடையில் அந்த உத்தியைப் பலமுறை கையாண்டவன் நான்.

சித்தப்பா என்னைச் சீண்டினார். "ஏலே, காலேஜுல பேசிப் பேசிக் கோப்பையா வாங்கிட்டு வாரியே, நம்ம கெணத்துக்கு ஒரு தடவ வாயத் தொறயேம்லே!"

சான்றில்லாமல் மேடையேறுவது எனக்கு இழுக்கு. தீப்பெட்டித் தாளுக்குச் சாயமேற்றும் கூடத்திலிருந்து நீலப்பொடி ஒரு பொட்டலம் வாங்கிவந்து, தொட்டி நிரம்பியதும் ஆளில்லாத ஒரு நண்பகலில் அதில் கொட்டினேன். நான்காம் நாள் கிணற்று நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்திப் பார்த்தேன். வெளிறிய நீலம்!

ஊர்க்கூட்டத்தில் அந்தக் குவளையை உயர்த்திப் பிடித்து, செய்த சோதனையைச் சொல்லி, அரைமணி நேரம் முழங்கினேன். கைதட்டல் ஓய்வதற்குள் அலுவலர் எழுந்தார்.

"தம்பி சொல்வது மெய்யென்றால் இந்தத் தண்ணீரை ஒருவரும் குடிக்கக் கூடாது. ஆய்வு முடிவு வரும்வரை கிணறு மூடப்படும்."

மறுநாளே கிணற்றின் வாயில் பலகை அடித்துவிட்டார்கள். பெண்கள் இரண்டு மைல் நடக்கத் தொடங்கினார்கள்.

அண்ணன் மனைவி, என் மதினி, குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். "கொழுந்தனாரு பேச்சு அம்புட்டு நல்லா இருந்துச்சு. அந்த வாயில ஒரு கொடம் தண்ணி ஊறுதான்னு பாருங்க."

அன்று காலை முழுதும் தீப்பெட்டிக்கு நீலத்தாள் ஒட்டியிருந்தவர், பசை காய்ந்து ஒட்டியிருந்த கையைச் சட்டியில் கழுவினார். சட்டி நீர் நீலமாயிற்று.

"மதினி, தெனமும் இப்படித்தானா?"

"பின்ன? தெருவே அட்டை ஒட்டுது. ஒட்டுன கையோடதான கயித்தப் பிடிக்கோம். எதுக்குக் கேக்கீக?"

கிணற்றடிக்கு ஓடினேன். சுருட்டிக் கிடந்த கயிற்றை நனைத்துப் பிழிந்தேன். விரல்களுக்கிடையே நீலம் வழிந்தது. ஊரார் கையிலெல்லாம் ஒட்டியிருந்த நிறத்தையே நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்!

அலுவலரிடம் போய், அந்த நீலம் கயிற்றிலிருந்து வந்ததுதான் என்று சொன்னேன்.

"அன்றைக்கும் இப்படித்தான் உறுதியாகச் சொன்னீர்கள், தம்பி. முடிவு வரட்டும்."

பலகை எடுக்கப்படவில்லை. கயிறு நீலமானதால் தொட்டி குற்றமற்றது என்றும் ஆகிவிடாது. அந்த ஐயம் எனக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் அதைச் சொல்ல அப்போது எனக்கு வாய் இல்லை. கல்லூரி விடுமுறை முழுவதும் சைக்கிளில் குடங்களைக் கட்டி நானே தண்ணீர் கொண்டுவந்து தெருவில் வீடு வீடாக ஊற்றினேன். மதினி மட்டும் ஒவ்வொரு முறையும் குடத்தைச் சாய்த்து, முகர்ந்து, வெளிச்சத்தில் நிறம் பார்த்தார்.

"இதுல என்னத்தக் கொட்டுனீக?"


"ஒண்ணுமில்ல மதினி."

"மொதல்ல நீங்க குடிங்க."

குடித்துக் காட்டினேன். அதன் பிறகும் சற்று நேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டுத்தான் குடத்தை உள்ளே எடுத்துப் போனார்.